இருபத்திரண்டு என்று பழகிப்போன எண்

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால் எழுதப்படும் இறப்புச் சான்றிதழில் சின்னதாக ஒரு கேள்வி இருக்கும். இறந்தவர் எப்போதாவது அமெரிக்கப் படைகளில் இருந்தவரா? ஆம் என்றால் ஒரு டிக், இல்லை என்றால் பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக். இதை டாக்டர் நிரப்புவதில்லை. இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்துதரும் நிறுவனத்து ஆள், வந்திருக்கும் சொந்தக்காரரைக் கேட்டு நிரப்புவார். மனைவி உயிரோடு இருந்தால் சரியான பதில் வரும். விவாகரத்துக்குப் பிறகு பல வருடம் தனியாகவே கிடந்த மனிதர் என்றால், எங்கிருந்தோ வந்து சேர்ந்த தம்பி மகன், "நேவியில இருந்தாருன்னு அப்பா சொல்லுவார்" என்பார். போதும், டிக் விழுந்துவிடும்.

இப்படி விழுந்த டிக்குகளில் இருந்து பிறந்ததுதான் 22 என்ற எண். அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 22 முன்னாள் ராணுவத்தினர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் வந்த கணக்கு அது. 50 மாநிலங்களில் 21 மாநிலங்களின் தகவல்தான் அதில் இருந்தது. முன்னாள் வீரர்கள் மிக அதிகமாக வாழும் கலிபோர்னியாவும் டெக்சஸும் அந்த 21-இல் இல்லை. கிடைத்த சான்றிதழ்களில் எத்தனை சதவீதத்தில் டிக் இருக்கிறது என்று பார்த்து, அதையே நாடு முழுக்கப் பொருத்தி, 2010-ஆம் ஆண்டுக்கு நாளொன்றுக்கு 22 என்று மதிப்பிட்டார்கள். இது மதிப்பீடுதான், இதில் குறைகள் உண்டு என்று அறிக்கை எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். எண் ஊரைச் சுற்றக் கிளம்பிவிட்டது. எச்சரிக்கை அறிக்கைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்புறம் வந்தது புஷ்-அப். 2016-இல் பேஸ்புக்கைத் திறந்தால் யாராவது ஒருவர் தரையில் கையூன்றிக்கொண்டிருப்பார். 22 நாட்களுக்கு, தினமும் 22 புஷ்-அப், தினமும் ஒரு நண்பரைச் சவாலுக்கு இழுக்க வேண்டும். டெக்சஸைச் சேர்ந்த 22கில் என்ற அமைப்பு பிரபலமாக்கிய இயக்கம் இது. மொத்தம் 2.2 கோடி புஷ்-அப் என்பது இலக்கு. சினிமா நடிகர்கள், போலீஸ்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லோரும் எடுத்தார்கள். சட்டைகளில் 22, தொப்பிகளில் 22, கார் கண்ணாடியில் 22.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். புஷ்-அப் எடுத்தால் யாருடைய உயிர் பிழைக்கும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கிண்டலில் அவ்வளவு உடன்பாடு இல்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்த மௌனம் இதைவிட மோசமானது. 2007 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி, மாநிலம் மாநிலமாகக் கேட்டுச் சேர்த்த தகவலை வெளியிட்டது: 2005-ஆம் ஆண்டில் மட்டும், 45 மாநிலங்களில், 6,256 முன்னாள் ராணுவத்தினர். நாடு முழுவதற்கும் சேர்த்து இப்படி ஒரு கணக்கை அதுவரை யாரும் பொதுவில் வைத்ததில்லை. நலத்துறை அந்த எண்ணிக்கையைக் குறைசொன்னது. சில மாதங்கள் கழித்து, ஒரு வழக்கு விசாரணையில், துறையின் மனநலப் பிரிவுத் தலைவர் 2008 பிப்ரவரியில் எழுதிய உள் மின்னஞ்சல் ஒன்று வெளியே வந்தது. அது தொடங்கியதே "ஷ்ஷ்!" என்றுதான். எங்கள் மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் தற்கொலை முயற்சிகள் தெரியவருகின்றன, வேறு யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்குள் நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாமா என்பது அதன் சாரம். வாயில் விரல் வைத்த அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுத்தெருவில் கத்திக்கொண்டு புஷ்-அப் எடுப்பது எவ்வளவோ மேல்.

ஆகவே விழிப்புணர்வு வந்தது. யாரைப் பார்த்து விழித்துக்கொண்டோம் என்பதில்தான் சிக்கல்.

முதலில் எண்ணையே சரிசெய்துகொள்வோம். 2016-இல் நலத்துறை 50 மாநிலங்களின் பதிவுகளையும், ஐந்தரைக் கோடி முன்னாள் வீரர்களின் ஆவணங்களையும் ஒப்பிட்டு 2014-க்கு நாளொன்றுக்கு 20 என்றது. 2018-இல் இன்னொரு விளக்கம் வந்தது. 2015-இன் 20.6-இல், பணியில் இருக்கும் வீரர்களும், தேசியக் காவல்படை, ரிசர்வ் படை ஆட்களும் கலந்திருக்கிறார்கள், அவர்கள் 3.8, உண்மையில் முன்னாள் வீரர்கள் 16.8. அதற்குப் பிறகு வந்த ஆண்டறிக்கைகள் எல்லாம் 17-ஐ ஒட்டியே நிற்கின்றன. 2021-இல் 6,392 பேர், 2022-இல் 6,407 பேர்; நாளுக்கு 17.5, 17.6.

சரி, 22-இல் இருந்து 17-க்குக் குறைந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. அது கணக்குப் போடும் முறை மாறியதால் வந்த குறைவு. இன்னொன்றும் உண்டு. 2001-இலும் ஆண்டுக்கு சுமார் 6,000 பேர்தான் இறந்தார்கள். அப்போது அமெரிக்காவில் இரண்டரைக் கோடி முன்னாள் ராணுவத்தினர் இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர் தலைமுறை போய்விட்டது, கொரியப்போர் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. இன்று இருப்பவர்கள் சுமார் 1.8 கோடி. கூட்டம் கால் பங்குக்கு மேல் கரைந்த பிறகும் இறப்பு எண்ணிக்கை அப்படியே நிற்கிறது என்றால் விகிதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வயதையும் பாலினத்தையும் சமன்செய்து பார்த்தால், 2021-இல் முன்னாள் ராணுவத்தினரின் தற்கொலை விகிதம் மற்ற அமெரிக்கர்களுடையதைவிட 71.8 சதவீதம் அதிகம். பெண்களில் நிலைமை இன்னும் மோசம். அதே ஆண்டில் ராணுவத்தில் இருந்து வந்த பெண்களின் விகிதம் மற்ற பெண்களுடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். "நாளுக்கு இத்தனை" என்று சொல்லும் எந்த எண்ணும் இதைக் காட்டாது.

எண்ணைவிடப் பெரிய தவறு முகத்தில் நடந்தது. 22 என்ற சொல்லோடு சேர்ந்து நமக்குக் காட்டப்பட்ட முகம் எது? இருபத்தைந்து வயது இளைஞன், பாலைவன நிறச் சீருடை, ஈராக்கில் நண்பன் கண்ணெதிரே செத்ததைப் பார்த்தவன், இரவில் தூக்கமில்லை. அப்படிப்பட்டவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள். 18 முதல் 34 வயது வரையிலானவர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். ஆனால் அதே 2013 அறிக்கையைப் புரட்டினால், இறந்த முன்னாள் வீரர்களில் 69 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் 50 வயதைக் கடந்தவர்கள் என்று இருக்கிறது. ஆண்களின் சராசரி வயது ஏறக்குறைய 60. பெரும்பாலும் ஈராக்குக்குப் போயிருக்க முடியாத வயது அது. பலர் வியட்நாம் காலத்தவர்கள். சிலர் எந்தப் போரையும் பார்க்காமல் ஜெர்மனியிலோ டெக்சஸிலோ ஒரு முகாமில் லாரி பழுதுபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள்.

போரைப் பார்த்ததால்தான் சாகிறார்கள் என்பது நம் மனதில் ஆழமாகப் பதிந்த எண்ணம். 2015-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அதைக் கொஞ்சம் அசைத்தன. ஒன்று 39 லட்சம் படையினரின் பதிவுகளைப் பார்த்தது. போர்முனைக்குப் போனதற்கும் தற்கொலைக்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. படையை விட்டு வெளியேறியதற்கும் தற்கொலைக்கும் தெரிந்தது. நான்கு ஆண்டு முடியும் முன்பே வெளியே வந்தவர்கள், நற்சான்று இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள், இவர்களிடம் ஆபத்து கூடுதல். ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்துப் படையினர் 13 லட்சம் பேரைப் பார்த்த இன்னோர் ஆய்வில், போர்முனைக்குப் போனவர்களின் விகிதம் பொதுமக்களுடையதைவிட 41 சதவீதம் அதிகம், போகாதவர்களின் விகிதம் 61 சதவீதம் அதிகம் என்று வந்தது. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களைத்தான் போர்முனைக்கு அனுப்புகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெளியேறும் அந்த நாள். காலையில் எழுப்புவது முதல் என்ன சட்டை போடுவது என்பது வரை சொல்ல ஆள் இருந்த வாழ்க்கை, ஒரு கையெழுத்தில் முடிகிறது. உன் உயிர் என் பொறுப்பு என்று சொன்ன நாற்பது பேர் நாற்பது திசையில் போய்விடுகிறார்கள்.

போரோடு தற்கொலையை முடிச்சுப்போடும் ஆசையில் சில கதைகளும் கிளம்பின. வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. போரில் செத்தவர்களைவிட, திரும்பி வந்து தற்கொலை செய்துகொண்டவர்களே அதிகம் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. ஆதாரம் கிடையாது. பிரிட்டனிலும் இதே கதை. 1982 ஃபாக்லாந்து போரில் 255 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். பின்னால் தற்கொலையில் இறந்தவர்கள் அதையும் தாண்டிவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. 2013-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் எண்ணிப் பார்த்தபோது 95 என்று வந்தது. 95 என்பது சிறிய எண்ணா? இல்லை. ஆனால் போரின் எண்ணிக்கையைத் தாண்டினால்தான் கவனிப்போம் என்று நாமே ஒரு பந்தயம் கட்டிவைத்திருப்பது விநோதம்.

அந்த வாஷிங்டன் சுவரில் இன்னொரு விதி உண்டு. திரும்பி வந்து தற்கொலையில் இறந்தவர்களின் பெயரை அதில் சேர்க்க முடியாது. நம் ஊர் நடுகல்லும் அப்படித்தான். ஆநிரை மீட்கப் போய்க் களத்தில் விழுந்தவனுக்குத்தான் கல். காயத்தோடு ஊர் வந்து இருபது வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கல் நட்டதாகத் தெரியவில்லை.

கிளே ஹன்ட் என்பவரின் பெயர் ஒரு சட்டத்தில் இருக்கிறது. மரீன் படை வீரர், ஹூஸ்டன் ஊர்க்காரர். ஈராக்கில் மணிக்கட்டில் குண்டு பாய்ந்தது. குணமாகி ஆப்கானிஸ்தானுக்கும் போனார். வெளியே வந்தபின் 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தில் நிவாரண வேலை செய்தார். மனநலச் சிகிச்சைக்குத் தயங்காமல் வாருங்கள் என்று சக வீரர்களிடம் சொல்லும் விளம்பரத்திலும் நடித்தார். விழிப்புணர்வு போதாது என்று அவரைச் சொல்ல யாராலும் முடியாது. 2011 மார்ச் 31 அன்று, 28 வயதில் இறந்தார். ஊனத்துக்கான உதவித்தொகையை உயர்த்தக் கோரி அவர் போட்ட மனுவின் காகிதங்களை அலுவலகம் தொலைத்திருந்தது. மனு ஏற்கப்பட்டது, அவர் இறந்து ஐந்து வாரம் கழித்து. இதை நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னவர் அவருடைய தாய். 2015 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். செனட்டில் 99-க்கு 0 என்று நிறைவேறியது. அமெரிக்க அரசியலில் 99-க்கு 0 என்பது அபூர்வம். அந்தச் சட்டம் செய்தது என்ன? துறையின் மனநலத் திட்டங்களை வெளியாள் வைத்து மதிப்பிடுவது, மனநல மருத்துவர்களை ஈர்க்க அவர்களின் கல்விக் கடனை அடைப்பது, இப்படி உப்புச்சப்பில்லாத காரியங்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தொலைந்த ஃபைலுக்கு மருந்து உணர்ச்சிமயமான வீடியோவில் கிடையாது.

இப்போது அந்த 60 வயதுக்காரரிடம் வருவோம். அவர் ஏன்? மூட்டு வலி, முதுகு வலி, கேட்காத காது. கடைசி வேலை போய்விட்டது. மனைவி இறந்திருக்கலாம் அல்லது பிரிந்திருக்கலாம். குடி இருக்கலாம். முப்பது வருடம் வேலையில் மூழ்கி மறந்திருந்தது, வேலை நின்றதும் மேலே மிதந்து வரலாம். கிராமத்தில் இருந்தால் நலத்துறை மருத்துவமனைக்கு இரண்டு மூன்று மணிநேரம் கார் ஓட்ட வேண்டும். 2014-இன் 20 பேரில் 6 பேர்தான் அண்மையில் நலத்துறை மருத்துவச் சேவையைப் பயன்படுத்தியவர்கள். மற்ற 14 பேர் எந்த வரிசையிலும் நிற்கவே இல்லை.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை என்ற எண்ணம் ஒன்று. நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம் இன்னொன்று. இவை இரண்டும் கூடி, வலியையும் சாவையும் கண்டு பழகிய துணிச்சலும் சேரும்போது ஆபத்து உச்சத்துக்குப் போகிறது என்றார். மூன்றாவதை ராணுவமே பயிற்சியாகக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவதை நாம் தினமும் கேட்கிறோம். "யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாதுப்பா, அதுக்குள்ள போயிடணும்." நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொன்னால் நல்ல மனசு என்று பாராட்டுகிறோம். எல்லா நேரமும் அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அடுத்த முறை கேட்கும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. பெரும்பாலானவர்களுக்கு, யாரோ கேட்டுவிட்டார்களே என்று நிம்மதி மூச்சுதான் வருகிறது.

இந்த மாதிரிக் கட்டுரைகளின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போடுவார்கள், தற்கொலை எதற்கும் தீர்வல்ல என்று தொடங்கும். சிகரெட் அட்டையில் இருக்கும் படத்தைப் போல அது நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால் எண்களை இங்கே நடுவிலேயே வைத்துவிடுகிறேன். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவைக்கு 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்புக்கு 044-24640050. இலங்கையில் 1926. அமெரிக்காவில் 988, முன்னாள் ராணுவத்தினர் என்றால் அதன்பின் 1-ஐ அழுத்த வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே தேவைப்பட்டால், மிச்சக் கட்டுரை காத்திருக்கும்.

துப்பாக்கி விஷயத்தைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2022-இல் இறந்த முன்னாள் ராணுவத்தினரில் நான்கில் மூன்று பங்குக்கு நெருங்கியவர்களின் சாவில் துப்பாக்கி இருந்தது. மற்ற அமெரிக்கர்களில் அது பாதியைச் சற்றே தாண்டும். அந்த நெருக்கடி நேரம் பெரும்பாலும் குறுகியது. அதைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பின்னால் தற்கொலையில் இறப்பதில்லை. எனவே அந்தக் குறுகிய நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. இது நமக்குப் புதிய பாடம் இல்லை. இலங்கையில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போய், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. அந்த இருபது ஆண்டில் போர் நின்றுவிடவில்லை, 2009 வரை நடந்தது. சுனாமியும் வந்தது. மனிதர்களின் துக்கம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. துக்கம் முற்றிய நேரத்தில் கைக்கு எட்டியது மாறியது. இஸ்ரேல் ராணுவம் 2006-இல், வார இறுதி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதியை மாற்றியது. படையில் தற்கொலை விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்தது.

அமெரிக்காவில் இப்படி ஒரு உத்தரவு போட முடியாது. துப்பாக்கியைப் பிடுங்க வருகிறார்கள் என்ற பயம் அங்கே சாதாரணப் பயம் இல்லை. டாக்டரிடம் மனசு சரியில்லை என்று சொன்னால் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தே வாய் திறக்காதவர்கள் உண்டு. அதனால் வழி வேறு பக்கத்தில் இருந்து வந்தது. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒரு வாரத்துக்குள் தற்கொலையில் இறந்தார்கள். கடைக்காரர் ஆடிப்போனார். பொதுச் சுகாதாரக்காரர்களும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரே மேசையில் உட்காருவது அந்நாட்டில் பெரிய விஷயம். வாங்க வருகிறவரின் பேச்சில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பும், கடைச் சுவருக்கு ஒரு போஸ்டரும் தயாரித்தார்கள். குடித்திருக்கும் நண்பனிடம் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதில்லையா, அதேபோல இடிந்துபோயிருக்கும் நண்பனின் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்திரு என்பதுதான் செய்தி. அரசாங்கம் கேட்டால் தர மாட்டான், கூட வேட்டைக்குப் போகும் நண்பன் கேட்டால் தருவான். பிற மாநிலங்களுக்கும் அது பரவியது. நலத்துறையும் இப்போது துப்பாக்கிக்கான பூட்டை இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு முழ நீளத்துக்குக் கம்பி, நுனியில் ஒரு பூட்டு, இரண்டு சாவி. சாவியைத் தேடி எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தை அது வாங்கித் தருகிறது. 2.2 கோடி புஷ்-அப்பில் ஒரு சின்ன பங்கு இந்தப் பூட்டைப் பற்றிப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நாளுக்கு 22 பேர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் முன்னாள் வீரருக்கு, நம்மைப் போன்றவர்களின் முடிவு இதுதான் போலிருக்கிறது என்று படலாம். வேலை கொடுக்கும் முதலாளிக்கோ, ராணுவத்தில் இருந்து வந்தவன் எப்போது வெடிப்பானோ என்று படலாம். இரண்டும் தப்பு. 2022-இல் சுமார் 1.8 கோடிப் பேரில் 6,407 பேர். மற்றவர்கள் வலியோடோ வலியில்லாமலோ வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நெருக்கடி வந்து, அதைக் கடந்து வந்தவர்களின் கதைகள் கேட்பவர்களைக் காக்கவும் செய்கின்றன என்று ஆஸ்திரியாவில் செய்தித்தாள்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் காட்டியது. அந்தக் கதைகளுக்கு வைரலாகும் குணம் இல்லை, பாவம். ஒரு மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை சாகவில்லை என்பதை எப்படித் தலைப்பாக்குவது?

நம் பக்கத்தில் கணக்கே இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலைப் பட்டியலில் மாணவர், இல்லத்தரசி, தினக்கூலி, ஓய்வுபெற்றவர் என்றெல்லாம் பிரிவு இருக்கிறது. முன்னாள் படைவீரர் என்று தனியாக ஒன்று கிடையாது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர்கள் இருக்கும் மாநிலம் இது. ஜவானாகப் போனவர் நாற்பது வயதுக்கு முன்னும் பின்னும் திரும்பி வந்து, இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வங்கி வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார். அவரிடம் நாம் கேட்கும் ஒரே கேள்வி, கேண்டீனில் சரக்கு கிடைக்குமா என்பது. அமெரிக்காவின் டிக் தப்பும் தவறுமாக இருக்கலாம். கேட்கவாவது ஒரு கட்டம் இருக்கிறது.

அங்கே இன்று நடக்கும் நல்ல காரியங்களில் பல, பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானவை. 2023 ஜனவரி முதல், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் வீரர் எந்த மருத்துவமனைக்கும் போய் இலவசமாக அவசரச் சிகிச்சை பெறலாம், பதிவுகூட வேண்டியதில்லை. அமெரிக்கன் லீஜன் என்ற பழைய வீரர்கள் சங்கம் 2019-இல் உறுப்பினர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, நெடுநாளாகக் கூட்டத்துக்கு வராத ஆட்களுக்குப் போன் செய்யுங்கள். சந்தா கேட்காதீர்கள், எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

இதன் மூலவேர் இன்னும் பழையது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றியவர். அந்த நாட்களில் எப்போதோ சந்தித்த ஒரு பெண், எதையும் எதிர்பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்த கடிதங்கள்தான் தன்னைத் தாங்கின என்பதை அவர் மறக்கவில்லை. 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சோர்வினாலோ தற்கொலை எண்ணத்தினாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று போன 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு பாதிக்கு ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள். இரண்டே வரி. நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச நாள் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விருப்பம் இருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியடைவோம். மாத்திரை சாப்பிட்டாயா, அடுத்து எப்போது வருகிறாய் என்ற கேள்வி எதுவும் கிடையாது. கடிதம் வந்தவர்களிடம் தற்கொலை குறைந்திருந்தது, அதுவும் ஆபத்து அதிகமான முதல் இரண்டு ஆண்டுகளில் தெளிவாகவே. முழு முடிவும் 2001-இல்தான் வெளியானது. 2020-இல் நலத்துறை, உதவி எண்ணுக்குப் போன் செய்யும் முன்னாள் வீரர்களுக்கு, ஒரு வருடம் வரை இப்படிக் கடிதம் அனுப்பும் வேலையைத் தொடங்கியது.

மோட்டோவின் கடிதங்களுக்குச் சிலர் பதில் எழுதினார்கள். ஒருவர் நல்ல கெட்டவார்த்தையாகப் பார்த்து எழுதியிருந்தார்: உன்னைப் போல விடாக்கண்டன் ஒருவனை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அப்படியென்றால் உனக்கு என்மேல் நிஜமாகவே அக்கறை இருக்க வேண்டும்.